பழைய மாண்டலினா, புதிதாகச் செய்யச் சொல்வதா? ஒரு முடிவுக்கு வர உதவுங்கள்

எட்டுக்கம்பி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டுமே இருந்தவன், இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

11 வருடமாக என்னிடம் ஒரே மாண்டலின்தான். தொழிற்சாலையில் செய்தது, மேற்பலகை ப்ளைவுட், எஃப் வடிவத் துளைகள். அதைக் குறை சொல்ல மாட்டேன், கற்றுக்கொடுத்ததே அதுதான். இப்போது ஒரு நல்ல வாத்தியம் வாங்கும் அளவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், இரண்டுக்கு வழியில்லை.

முதல் வாய்ப்பு: 1920-இல் கிப்சன் கம்பெனி செய்த ஏ வகை (தோளில் சுருள் வேலைப்பாடு இல்லாத எளிய உடம்பு), முட்டை வடிவத் துளை. வைத்திருப்பவர் நல்ல மனிதர். ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல் என்கிறார்.

இரண்டாவது: தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு கைவினைஞர். அவர் செய்த இரண்டு மாண்டலின்களை வேறு ஆட்கள் கையில் கேட்டிருக்கிறேன், பிடித்திருந்தது. ஏ-5 பாணியில் எஃப் துளையோடு எனக்காகவே செய்து தருவார். சுமார் 14 மாதம் காத்திருக்க வேண்டும்.

நான் வாசிப்பது: வீட்டில் தனியாகக் கொஞ்சம் நாட்டுப்புற மெட்டுகள், வாரம் ஒரு நாள் நண்பர்களோடு ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புறக் கம்பி வாத்திய இசை). அங்கே கிடாரும் பான்ஜோவும் சேர்ந்தால் என் சத்தம் எனக்கே கேட்பதில்லை. இன்னொரு விஷயம், அரை மணி நேரம் வாசித்தால் இடது கை ஆள்காட்டி விரலின் அடி மூட்டு வலிக்கிறது. வயதா, பழக்கக் கோளாறா, தெரியவில்லை.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

---

சுருள்தலை

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழையதை எடு.

நூறு வருடம் உலர்ந்த மரத்தை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. மாண்டலின் உலகம் எதைப் பார்த்து ஏங்குகிறது? 1922 முதல் 1924 வரை கிப்சனின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையெழுத்திட்டு வெளியே அனுப்பிய, தோளில் சுருள் வைத்த எஃப்-5களைத்தான். ப்ளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோவின் எஃப்-5 தேதியிட்டது 1923 ஜூலை 9. மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலி இன்றைய ஆள்தான், புதுக் கைவினைஞர் செய்த அருமையான வாத்தியத்தில் பல வருடம் வாசித்தவர்தான், அவரும் கடைசியில் 1924-இன் லோர் கையெழுத்து வாத்தியத்துக்குத்தானே போனார்? காரணம் இல்லாமலா போவார்?

இன்று செய்கிறவர்கள் எல்லாரும் செய்வது அந்த எஃப்-5-இன் நகல். அசலின் வீட்டிலிருந்தே ஒரு பிள்ளை உன் கதவைத் தட்டும்போது நகலுக்கு எதற்கு 14 மாதம் வரிசையில் நிற்கிறாய்?

---

மரத்தூள்

சுருள்தலை அண்ணே, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் அவருக்குக் கிடைப்பது லோர் எஃப்-5 இல்லை, 1920-இன் ஏ. ஒரே தொழிற்சாலைப் பெயர் என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டு உறவு குறைவு.

ஓய்வு நேரத்தில் மாண்டலின் பழுது பார்க்கிறவன் நான், கையில் வந்து போனதை வைத்துச் சொல்கிறேன். அந்தக் கால ஏ-யில் முட்டைத் துளை, அதற்குக் கீழே உட்புறம் குறுக்காக ஒரே ஒரு முட்டு, அதாவது பலகையைத் தாங்கும் மரச்சட்டம். எஃப்-5-இல் துளைகள் இரண்டு பக்கமும் எஃப் வடிவில், உள்ளே நீளவாக்கில் இரண்டு முட்டுகள். கழுத்து உடம்பை விட்டு நன்றாக வெளியே நீண்டு 15-ஆவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) சேரும், அதனால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேற்பலகையின் நடுப்பகுதிக்கு வந்து உட்காரும். லோர் காலத்தின் பெரிய மாற்றம் இதுதான். மரத்தின் வயதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்த அமைப்பைப் பாருங்கள்.

முட்டைத் துளைக் குரல் உருண்டையாக, அடியில் கனமாக, இழுத்து நிற்கும். தனியாக வாசிக்கச் சொர்க்கம். எஃப் துளைக் குரல் சட்டென்று எழும்பிச் சட்டென்று அடங்கும். ப்ளூகிராஸில் எதிர்த்தாளத்தில் ‘சக்’ என்று வெட்டுகிறோமே, அந்த வெட்டு அதில்தான் விழும். பான்ஜோவுக்கு நடுவே உங்கள் சத்தம் கேட்க வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவை அந்த வெட்டு. நூறு வருடம் ஆனாலும் முட்டைத் துளை வெட்டாது.

ஆக, எட்டுக்கம்பி கேட்பது பழசா புதுசா என்ற கேள்வியே இல்லை, எந்தக் குரல் என்ற கேள்வி. அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

---

சுருள்தலை

தூள் கிளப்புகிறார் மரத்தூள். சரி, அமைப்பு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரம் கனிவது பொய்யா?

---

மரத்தூள்

பொய் என்று நான் சொல்லவில்லை. வருடக்கணக்கில் மரத்தின் சில கூறுகள் சிதைந்து எடை குறைகிறது, விறைப்பு பெரிதாகக் குறைவதில்லை. இப்போது ஸ்ப்ரூஸ் பலகையைக் காற்றில்லாத அடுப்பில் வாட்டி எடுத்துச் செய்கிறார்களே, அந்த முதுமையைக் குறுக்கு வழியில் கொண்டுவரும் முயற்சிதான் அது. கொஞ்சம் பலிக்கிறது என்பது என் காது சொல்வது.

ஆனால் கனிந்த மரம் தளர்ந்தும் இருக்கும். எட்டுக் கம்பியையும் சுருதி சேர்த்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்குகிற இழுவை மொத்தம் சுமார் 80 கிலோ. ஒரு ஆள் எடை. நூறு வருடம் ஒரு ஆளைத் தோளில் சுமந்தவன் எப்படி நிற்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

---

பின்னிரவு

நான் செய்யச் சொல்லி வாங்கியவன். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் அனுப்பிய விவரத் தாள் நான்கு பக்கம். நட் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் படியும் துண்டு) அகலம், ஃப்ரெட் தடிமன், விரல்பலகையின் வளைவு, கழுத்தின் பின்புற வடிவம், வார்னிஷா லாக்கரா, கம்பியைத் தட்டும் பிக் உரசாமல் விரல்பலகையின் கடைசிப் பகுதியைக் குழித்து விடுவது, எல்லாம் எழுதினேன். இரண்டு வருடம் காத்திருந்தேன். பெட்டி வந்த அன்று வேலைக்கு விடுப்பு போட்டேன்.

நான் கேட்டது எல்லாம் அதில் இருந்தது, ஒன்றுகூட விடுபடவில்லை. வேலைப்பாட்டில் ஒரு மயிரிழைப் பிசகு கிடையாது. ஆனாலும் எடுத்து வாசிக்கக் கை போகவில்லை. குரல் பளிச்சென்று, கண்ணாடி மாதிரி. எனக்குக் கண்ணாடி வேண்டாம், மண்சட்டி வேண்டும் என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த நான்கு பக்கத்தில் குரலைப் பற்றி நான் எழுதியிருந்தது ஒரே வரி: ‘நல்ல சத்தமாகவும் இனிமையாகவும் இருக்க வேண்டும்’. இதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்?

திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, அவரிடம் குறை எதுவும் இல்லையே. ஒரு வருடம் வாசித்தேன். கொஞ்சம் கனிந்தது. அப்புறம் விற்றுவிட்டேன், போட்டதில் பாதிதான் கையில் வந்தது.

---

கற்பூரப்பெட்டி

பின்னிரவு சொன்னதற்கு நேர் எதிர்க் கதை என்னுடையது. என் புனைபெயரின் காரணமும் இதுதான்.

படம் பார்த்து ஒரு பழைய மாண்டலின் வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசனை, அதற்கு அடியில் கண்ணை எரிக்கிற மாதிரி ஒரு புளித்த நெடி. பழைய பெட்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். புதுக் கம்பி போட்டு மூடி வைத்தேன். நாலு நாள் கழித்துத் திறந்தால், பிக்கார்டுக்கு (பிக் உரசாமல் மேற்பலகையைக் காக்கும் தகடு) மேலே போகிற துண்டில் மட்டும் எட்டுக் கம்பியும் துருப்பிடித்திருந்தன. மற்ற இடமெல்லாம் பளபள. ட்யூனரின் பித்தளைச் சக்கரங்களில் பச்சை பூத்திருந்தது. பிக்கார்டைத் தொட்டால் விளிம்பு பொடியாக உதிர்கிறது.

விசாரித்த பிறகு தெரிந்தது, அது செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துச் செய்வது. வயதானதும் சிதைந்து அமில வாயுவைக் கக்க ஆரம்பிக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த வாயு உலோகத்தையும் தின்னும், மரத்தையும் கறையாக்கும். விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டையும் அதே சரக்குதான், அங்கேயும் பரவ ஆரம்பித்திருந்தது.

விற்றவர் படத்தில் பொய் சொல்லவில்லை. படத்துக்கு வாசனை கிடையாது, அவ்வளவுதான்.

---

மரத்தூள்

1920 ஏ-யிலும் பிக்கார்டு செல்லுலாய்டுதான், எட்டுக்கம்பி. மேற்பலகைக்கு மேலே தூக்கி நிறுத்தி, ஊசியாலும் பக்கவாட்டுக் கவ்வியாலும் பிடித்திருப்பார்கள். சிதைய ஆரம்பித்திருந்தால் கழற்றி விடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், அது அசல் பாகம். காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள், மாண்டலின் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம்.

---

நடைவண்டி

யாருமே கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். பழைய வயலினையும் புது வயலினையும் கண்ணைக் கட்டிவிட்டு வாசிக்க வைத்த சோதனை நினைவிருக்கிறதா? 2012-இல் பாரிஸில் நடந்தது. 10 தனிக் கச்சேரிக் கலைஞர்கள், 12 வயலின்கள், பாதி பழைய இத்தாலிய வாத்தியங்கள், ஸ்ட்ராடிவாரி உட்பட. பாதி புதியவை. கச்சேரிப் பயணத்துக்கு எதை எடுத்துப்போவீர்கள் என்று கேட்டதற்கு 10 பேரில் 6 பேர் கைவைத்தது புதியதில். எது பழசு எது புதுசு என்று நிச்சயமாகக் கண்டுபிடிக்கவும் அவர்களால் முடியவில்லை.

சுருள்தலை அண்ணன் கண்ணைக் கட்டிக்கொள்ளத் தயாரா?

---

சுருள்தலை

வயலின் வேறு, மாண்டலின் வேறு. வில் போட்டு இழுப்பதும் பிக்கால் தட்டுவதும் ஒன்றா? அப்புறம், நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். அந்தப் பழுப்பு வெயில் நிறத்தைப் பார்த்தாலே விரல் ஓடுகிறது. அதுவும் வாத்தியத்தின் வேலைதான்.

---

நடைவண்டி

கடைசி வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. உண்மைதான் அது.

---

எட்டுக்கம்பி

அடேயப்பா, ஒரே நாளில் இவ்வளவா! நன்றி. பின்னிரவு எழுதியது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. கைவினைஞர் எனக்கு அனுப்பிய தாளில் ‘குரல் எப்படி இருக்க வேண்டும்?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நானும் ‘இனிமையாக’ என்றுதான் நிரப்பி வைத்திருந்தேன்.

முதலில் ஏ-யை ஒரு வாரம் கொண்டுவரப் போகிறேன். மரத்தூள் சார், எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பழுது பார்க்கத் தெரியாதவன் என்ற கணக்கில் சொல்லுங்கள்.

---

மரத்தூள்

சார் எல்லாம் வேண்டாம்.

கம்பி முழுச் சுருதியில் இருக்கும்போது தொடங்குங்கள். வாத்தியத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வால் பக்கத்திலிருந்து மேற்பலகையின் குறுக்கே பாருங்கள். பிரிட்ஜ் நிற்கிற இடத்திலும் பலகையின் மேடு குறையாமல் இருக்க வேண்டும். தட்டையாகியிருந்தால் கவனம். குழிந்திருந்தால் நல்ல பழுதுக்காரரிடம் காட்டாமல் பேசவே பேசாதீர்கள். ஒற்றைக் குறுக்கு முட்டு வைத்த முட்டைத் துளைக்காரர்களுக்கு இது வயதோடு வரும் நோய். பிரிட்ஜுக்கு அடியில் யாராவது மெல்லிய துண்டு செருகி உயர்த்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மேற்பலகை இறங்க இறங்கக் கம்பியும் இறங்கும், அதைச் சரிக்கட்டத்தான் துண்டு வைப்பார்கள்.

அப்புறம் உள்ளே. கைபேசி விளக்கைத் துளை வழியாக அடித்து, பல் மருத்துவர் வைத்திருப்பாரே அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பாருங்கள். முட்டு இரண்டு முனையிலும் பலகையோடு ஒட்டியிருக்கிறதா? சந்தேகமென்றால் விரல் மடக்கி மேற்பலகையை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லா இடமும் ‘டொக் டொக்’ என்று ஒலித்து, ஓரிடத்தில் மட்டும் ‘டர்ர்’ என்றால் அங்கே பசை விட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம். அக்காலத்தில் போட்டது தோல் பசை, சூடும் ஈரமும் காட்டினால் இளகும், திரும்ப ஒட்டும். பயப்பட வேண்டியது நடுவில் யாரோ வெள்ளைப் பசையைக் கொட்டிப் பழுது பார்த்திருந்தால். வழிந்து காய்ந்த பசை கண்ணாடியில் தெரியும்.

உள்ளேயே இருக்கும்போது சீட்டில் உள்ள வரிசை எண்ணையும், கழுத்துக் கட்டையில் குத்தியிருக்கும் தொழிற்சாலை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

கழுத்து. 1920 என்றால் உள்ளே ட்ரஸ் ராட் (கழுத்தைத் திருகி நிமிர்த்தும் உலோகக் கம்பி) கிடையாது, கிப்சனில் அது அதற்குப் பின்னால்தான் வந்தது. வளைந்திருந்தால் திருகி நிமிர்த்த முடியாது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தடித்த காகிதம் நுழைந்தால் போதும். நாணயம் நுழைந்தால் ஃப்ரெட்டைப் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டிய வேலை காத்திருக்கிறது.

எல்லாக் கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வாசியுங்கள். எங்காவது சத்தம் செத்துப் போகிறதா, உறுமுகிறதா? 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி சரியாக நிற்கிறதா? பிரிட்ஜ் ஒரே துண்டாக இருந்தால் உயரம் கூட்டிக் குறைக்க வழியில்லை. அசலைப் பத்திரமாக வைத்துவிட்டுத் திருகு வைத்தது ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

கனமான கம்பி போடாதீர்கள். தடிமன் 10-இல் தொடங்கி 38-இல் முடிகிற (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மெல்லிய செட் போதும். சத்தம் வேண்டும் என்று 11-40 போட்டு மேற்பலகையை அமுக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். ஒரு வெர்னியர் காலிப்பர் இரவல் வாங்குங்கள். நட் அகலம், கம்பி ஜோடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, 1, 5, 7-ஆவது ஃப்ரெட்டுகளில் கழுத்தின் தடிமன். உங்கள் இப்போதைய மாண்டலினிலும் இதே அளவுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விரல் வலி என்றீர்களே, அதற்காக.

---

ஒற்றைத்தந்தி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் வாசிப்பது கர்நாடக இசை, என் நிலைமையே வேறு. கமகத்துக்குக் கம்பியை இழுக்க வேண்டும், ஜோடிக் கம்பி ஒன்றாக வளையாது. யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை எடுத்து ஜோடியைக் கழற்றி ஒற்றைக் கம்பியாக்கி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்து வாசித்தார். அந்த வழியில் போகிறவர்களுக்குப் பழைய ஏ-யும் ஆகாது, எஃப்-5-உம் ஆகாது. செய்யச் சொல்லித்தான் வாங்கியாக வேண்டும். எனக்குத் தலைவலியே இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

---

பின்னிரவு

அதுவே ஒரு பதில்தான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறது பாருங்கள். நான் நான்கு பக்கம் எழுதியும் சொல்லவில்லை.

---

பொறுமைசாலி

மூன்றாவது வழியை யாரும் சொல்லவில்லையே. பின்னிரவு விற்றார் அல்லவா, அதை வாங்கினவர் புத்திசாலி. கைவினைஞர் செய்து, ஒருவர் ஐந்தாறு வருடம் வாசித்துவிட்டு விற்கிற வாத்தியம். காத்திருப்பை வேறொருவர் முடித்திருப்பார், முதல் வருட விறைப்பும் போயிருக்கும், வாங்கும் முன் கையில் எடுத்தும் பார்க்கலாம். என்னுடையது அப்படி வந்ததுதான். உள்ளே சீட்டில் வேறொருவர் பெயருக்குச் சமர்ப்பணம் எழுதியிருக்கிறது. முதலில் உறுத்தியது, இப்போது அவர் யாரோ தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டார்.

---

சுருள்தலை

மற்றவன் அளவுக்குத் தைத்த சட்டை.

---

பொறுமைசாலி

நூறு வருடத்துக்கு முந்தையது மட்டும் யார் அளவுக்குத் தைத்ததாம்?

---

கற்பூரப்பெட்டி

ஹா ஹா. சுருள்தலை அண்ணே, இதற்குப் பதில் வேண்டும்.

---

சுருள்தலை

பதில் யோசிக்கிறேன். அதுவரை வேறு விஷயம். பழசில் அசல் பூச்சு, அசல் பாகம் எல்லாம் அப்படியே இருந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. எதையும் மாற்றாமல் வைத்திருப்பது நம் கடமை. மேலே பூச்சை உரித்துப் புதிதாக அடித்துவிட்டால் வாத்தியத்தின் மதிப்பு கணிசமாக விழும், எவ்வளவு அழகாக அடித்தாலும்.

---

மரத்தூள்

மதிப்பு விழும் என்பது சரி. கடமை என்பதில்தான் இடிக்கிறது. நீங்கள் முதலில் சொன்ன மன்றோவின் எஃப்-5-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் யாரோ வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். சில்லுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் கிப்சனில் துண்டு துண்டாக ஒட்டினார்கள். மனிதர் அதையே திரும்ப எடுத்து வாசித்தார். அருங்காட்சியகத்துக்கு அது போனது பின்னால். வாசிக்கிறவன் கையில் இருக்கும்வரை அது கருவி.

எட்டுக்கம்பிக்கு விரல் வலி இருக்கிறது. பழைய வாத்தியத்தில் ஃப்ரெட் மெல்லியது, விரல்பலகை தட்டை. தடித்த ஃப்ரெட் போட்டால் வலி குறையும் என்றால் போட வேண்டும். சேகரிப்பாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஆனால் இந்த மாதிரி மாற்றம் மூன்று நான்கு தேவைப்படும் என்று வாங்கும் முன்னே தெரிந்தால் அதை வாங்காதீர்கள். அசலாக வைத்திருக்க ஆசைப்படும் ஒருவருக்கு அது போகட்டும்.

---

நடைவண்டி

இத்தாலியப் பழைய குடுவை மாண்டலின் பக்கம் யாராவது போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சிலவற்றில் பிக்கார்டு நிஜ ஆமை ஓடு, சிலவற்றில் தந்த வேலைப்பாடு. நாடு விட்டு நாடு கொண்டுபோகும்போது சுங்கத்தில் மாட்டும், காகிதம் கேட்பார்கள். எட்டுக்கம்பிக்கு இது பொருந்தாது, இழையைப் பின்னால் படிக்கிறவர்களுக்காகச் சொன்னேன்.

---

எட்டுக்கம்பி

ஒரு வாரம் முடிந்தது. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு. வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு எடுத்தேன். கீழ்க் கம்பியில் வெறுமனே ஒரு ‘ஜி’ தட்டினேன். அது வயிற்றில் அதிர்ந்தது. பின்பலகை என் சட்டைப் பொத்தானில் பட்டு லேசாக நடுங்கியது, என் பழைய ப்ளைவுட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஒரு மெட்டை மெதுவாக வாசித்து, கடைசி ஸ்வரத்தை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது போகவே இல்லை. மண்சட்டி என்று பின்னிரவு சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

மரத்தூள் சொன்ன சோதனைகள் எல்லாம் செய்தேன். மேற்பலகையின் மேடு குறையவில்லை. குறுக்கு முட்டின் ஒரு முனை மட்டும் ‘டர்ர்’. கண்ணாடியில் பார்த்தால் ஒரு காகிதத் தடிமன் இடைவெளி, வெள்ளைப் பசை எதுவும் கிடையாது. எண்கள் ஒத்துப்போகின்றன. பிக்கார்டு விளிம்பு நொறுங்குகிறது, கழற்றித் தனியாக வைத்தேன். கழுத்து தடித்த காகிதம், நாணயம் இல்லை.

சனிக்கிழமை நண்பர்களிடம் கொண்டுபோனேன். மூன்று பாட்டு. கிடார்க்காரர் சொன்னது: ‘நீ வாசிக்கும்போது உன் முகம் ரொம்ப நன்றாக இருந்தது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.’ பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். வெட்டு விழ வேண்டிய இடத்தில் ஒரு தலையணையைத் தட்டுகிற சத்தம்.

இனிமேல்தான் விஷயம். ஏழு நாளும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தேன். விரல் வலிக்கவில்லை. நான்காவது நாள்தான் அதைக் கவனித்தேன், வலி இல்லாததை யார் கவனிப்பார்கள்? காலிப்பர் வைத்தேன். என் பழையதில் நட் அகலம் 28 மி.மீ., கழுத்து மெல்லியது. இதில் 30-ஐத் தாண்டுகிறது, கழுத்து தடித்து, பின்புறம் மழுங்கிய முக்கோணம் மாதிரி. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம், அரிசி அகலம் இருக்குமா? 11 வருடம் அந்த அரிசி இல்லாமல் விரலை நெருக்கி, மெல்லிய கழுத்தைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆகக் கை இந்தக் கழுத்தைக் கேட்கிறது, சனிக்கிழமைக் காது எஃப் துளையைக் கேட்கிறது, இரவுக் காது மட்டும் இந்த ஏ-யையே கேட்கிறது.

---

மரத்தூள்

மூன்று பேர் கேட்கிறார்கள், பணம் ஒருவருக்குத்தான். ஆனால் ஒரு வாரத்துக்கு முன்னால் ‘இனிமையாக’ என்று எழுதின ஆள் இன்று மி.மீ. கணக்கில் பேசுகிறார். கைவினைஞர் இதைப் பார்த்தால் கும்பிடுவார்.

---

பின்னிரவு

செய்யச் சொல்வதானால், முன்பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். முடிந்ததும் சில நாள் வாசித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் என்ன ஏற்பாடு. நாள் தள்ளிப்போனால் என்ன. முதல் வருடத்தில் கழுத்தோ பிரிட்ஜோ நகர்ந்தால் திரும்பச் சரிசெய்து தருவாரா. நல்ல கைவினைஞர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

குரலுக்கு வார்த்தை தேடாதீர்கள். பதிவு அனுப்புங்கள். ‘இது மாதிரி வேண்டும், இது மாதிரி வேண்டாம்’ என்று இரண்டு பதிவு. நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

---

எட்டுக்கம்பி

கைவினைஞரிடம் பேசிவிட்டேன். ஒரு மணி நேரம். ஏ-யின் கழுத்து அளவுகளை அப்படியே சொன்னேன். அட்டையை வெட்டி 1, 5, 7-ஆவது ஃப்ரெட்டுகளில் கழுத்தின் வளைவைப் படியெடுத்து அனுப்பு என்றார். அந்தப் பழைய கழுத்தில் எஃப் துளை உடம்பு செய்யலாம், உள்ளே ட்ரஸ் ராடும் போடலாம் என்கிறார். இரண்டு பதிவும் அனுப்பினேன். கேட்டுவிட்டு, ‘உங்களுக்கு வெட்டு வேண்டும், ஆனால் கீழ்க் கம்பிகள் ஒல்லியாக இருக்கக் கூடாது, அப்படித்தானே?’ என்றார். அப்படித்தான். எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை, அவருக்கு வந்தது. மேற்பலகைக்கு சிவப்பு ஸ்ப்ரூஸா எங்கல்மன் ஸ்ப்ரூஸா என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். பின்னிரவு சொன்ன மூன்றும் எழுத்தில் வந்தது. முன்பணம் போய்விட்டது.

நேற்று ஏ-யைத் திருப்பிக் கொடுத்தேன். உரியவர் ஒன்றும் சொல்லவில்லை. முட்டு முனை விட்டிருப்பதையும் பிக்கார்டு விஷயத்தையும் சொன்னேன், நன்றி என்றார். பெட்டியை மூடும் முன் இன்னொரு தடவை அந்த ‘ஜி’-யைத் தட்டினேன். தட்டியிருக்கக் கூடாது.

அவர் இப்போதும் அதை விற்கத்தான் நினைக்கிறார்.

---

நடைவண்டி

வாழ்த்துகள். 14 மாதம் கழித்துப் பதிவு வேண்டும்.

---

மரத்தூள்

அட்டை வெட்டும்போது எந்தப் பக்கம் கனக் கம்பி என்று அட்டையிலேயே குறியுங்கள். நூறு வருடக் கை பிடித்த கழுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது.

---

சுருள்தலை

எட்டுக்கம்பி தம்பி, தனி மடல் அனுப்பியிருக்கிறேன், பார். அந்த 1920 ஏ வைத்திருப்பவரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்க முடியுமா? எனக்குத் தெரிந்த ஒருவருக்காகத்தான் கேட்கிறேன்.

---

பொறுமைசாலி

அண்ணே, அது சுருள் இல்லாத ஏ.

---

சுருள்தலை

தெரியும். முட்டைத் துளை, ஒற்றைக் குறுக்கு முட்டு, ஒரு முனை ‘டர்ர்’. மரத்தூள், அந்தப் பசை வேலைக்கு எத்தனை நாள் ஆகும்?